கரைக் கம்பத்துச் சேலை

கடற்கரையில் நான்கு நாள் தங்கி ஓய்வெடுத்துவிட்டு வருவது இப்போது யாருக்கும் கிடைக்கிற சுகமாகிவிட்டது. நம் காலத்தில் அதற்கு டாக்டர் சொல்ல வேண்டும். என்னைப் போல் எண்பதைத் தாண்டி, மாத்திரை டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது நினைவிருக்கும். வயலையும் ஏரியையும் பார்த்து வளர்ந்த நாம் கடலை வருஷத்துக்கு ஒருதரம் பார்ப்போம். வீராம்பட்டினத்துத் தேருக்குப் போனால் அலையில் காலை நனைத்துவிட்டு, பாவாடையைப் பிழிந்துகொண்டு திரும்புவோம். அங்கேயே போய்ப் படுத்துக் கிடக்கலாம் என்று நம் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

போன மாதம் பேத்தி என்னை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனாள். பாகூருக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்குள் கட்டிய விடுதி. "சத்தமே இருக்காது பாட்டி, இன்னும் யாரும் கெடுக்காத எடம்" என்றாள். கார் தோப்பைத் தாண்டி மணலில் நின்றதும் எனக்கு இடம் தெரிந்துவிட்டது. எழுபது வருஷத்துக்கு மேல் நான் வராமல் தவிர்த்த இடம் அது. பேத்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு வில்லியனூருக்கு மேற்கே, கோயில் மணி அடித்தால் கழனி வரை கேட்கும் கிறிஸ்தவ ஊரில் இருந்தது. அப்பாவுக்கு ஒரு தம்பி. அவர் சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். அவர் மனைவிதான் என் சின்னம்மா. கலியாணமாகி இரண்டே மாதம் கூட இருந்துவிட்டு அவர் கப்பலேறிப் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து, ஆவணியில் போகும் கப்பலில் அவளை அனுப்பி வையுங்கள் என்று கடிதம் வந்தது. ஊராட்சித் தலைவரான மேர் கையெழுத்துப் போட்ட பயணக் காகிதமும் வாங்கியாகிவிட்டது. அதில் சின்னம்மாவின் படம் ஒட்டியிருக்கும். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தக் காகிதத்தை அவள் ஒரு நாளைக்கு நான்கு தரமாவது எடுத்துப் பார்ப்பாள்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. இருபது நாள் படுத்தவள் எழுந்தபோது பின்னல் இல்லை. தலையில் கோழிக்குஞ்சு மாதிரி பூமுடிதான் இருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர், ஒரு மாதம் கடல் காற்றில் இருந்து உடம்பு தேறினால்தான் கப்பலேறச் சம்மதிப்பேன் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தாவின் ஓட்டு வீடு மீனவக் குப்பம் ஒன்றில் பூட்டிக் கிடந்தது. சின்னம்மாவுக்குத் துணை அத்தை. அப்பாவின் அக்காவான அவர், தாலியறுத்து வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டையும் எங்களையும் ஆண்டுகொண்டிருந்தார். அத்தைக்கு எடுபிடி நான். எனக்கு ஒன்பது வயது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் இடக்கைக்காரி. சோறு மட்டும் அத்தையின் அடிக்குப் பயந்து வலக்கையில் சாப்பிடுவேன். மற்றதெல்லாம் இடக்கைதான். கன்றுக்குட்டியை முளையில் கட்டும் சுருக்கு முடிச்சை அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் போட்டால் அது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆட்கள் அவிழ்க்கத் தெரியாமல் திண்டாடுவார்கள். "இவ போட்ட முடிச்ச இவதான் அவுக்கணும்" என்று அப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

நம் பிரெஞ்சு பூமி ஒட்டுப்போட்ட துணி மாதிரி கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பாகூர்ப் பக்கம் போக வேண்டுமென்றால் நடுவில் இங்கிலீஷ்காரன் மண்ணில் வண்டி உருள வேண்டும். சுங்கச் சாவடியில் ஒருவன் இரும்புக் கம்பியை எடுத்து வண்டி வைக்கோலைக் குத்திப் பார்த்தான். அப்புறம் மூட்டையை அவிழ்த்து, சின்னம்மாவின் புதுச் சிவப்புச் சேலையை எடுத்தான்.

"இது பிரான்சு சரக்கா?"

"இல்லீங்க. எங்க ஊர்ப் பக்கம் தறியில நெஞ்சது" என்றாள் சின்னம்மா.

"கப்பல் ஏறறன்னிக்குக் கட்டறதுக்கு எடுத்தது. மடிச்ச மாதிரி மடிச்சி வையி" என்றார் அத்தை.

அவன் அதை உதறி வெயிலில் பிடித்தான். வண்டிக்குள் எங்கள் முகமெல்லாம் சிவந்தது. கஞ்சிப் பசை போகாத, மஞ்சள் கரை போட்ட நூல் சேலை. அதை நான் கண்ணை மூடாமலே இப்போதும் பார்க்கிறேன்.

குப்பத்து வீட்டில் எத்தனை தரம் பெருக்கினாலும் காலுக்கடியில் மணல் நறநறத்தது. உதட்டை நக்கினால் உப்பு. அடுப்பங்கரைக்குள் நண்டு வந்து, ஏதோ மறந்துபோன மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போகும். கடலுக்கு நாற்பது அடி தள்ளிக் கிணறு. அதில் தண்ணீர் இளநீராக இனித்தது அத்தைக்குக் கடைசி வரை ஆச்சரியம்தான். எங்களுக்கு மீனும் விறகும் கொண்டுவந்தது பக்கத்துக் குடிசைக்காரர். கட்டுமரம் வைத்திருந்ததால் அவரை மரக்காரர் என்றோம். அவர் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, சின்னம்மாவின் தலையைத் தடவிப் பார்த்து, "நண்டு ரசம் குடி தங்கச்சி. காட்டுல அருகு முளைக்கற மாதிரி முளைச்சிடும்" என்பாள்.

வீட்டுக்கு எதிரே மணல்மேட்டில் ஒரு கம்பம் நட்டிருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். உச்சிக்குக் கீழே ஒரு முளை அடித்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சின்னம்மாவின் புதுச் சேலையைக் கஞ்சி போகக் கிணற்றில் அலசினார்கள். அத்தை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எந்த மகராசனோ துணி காயப்போடத் தோதா கொம்பு நட்டு வெச்சிருக்கான்" என்று சொல்லி, சேலையின் ஒரு நுனியை அந்த முளையில் செருகிவிட்டார். எங்கள் களத்துமேட்டில் அப்படித்தான் போடுவோம். கடல் காற்றில் ஆறு கஜமும் விரிந்து படபடவென்று அடித்தது. நானும் சின்னம்மாவும் கைதட்டினோம்.

கொஞ்ச நேரத்தில் கடலில் புள்ளி புள்ளியாக இருந்த மரங்கள் எல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டன. மரக்காரர் ஈரத்தோடு மேட்டில் ஏறி வந்தார்.

"இன்னாம்மா, வானம் வெள்ளையா கெடக்குது. எதுக்கு சேலைய ஏத்தினீங்க?"

"காயட்டும்னு போட்டேன். ஏன், உன் கொம்புக்கு வலிக்குதா?" என்றார் அத்தை.

அவருக்குப் பின்னால் கம்பத்துக் கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கடலுக்குப் போகிற வயதைத் தாண்டியவர். கம்பத்தடியில் உட்கார்ந்து மேற்கு வானத்தைப் பார்ப்பதுதான் ஊர் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. "யம்மா, இது துணி காயப்போடற கொம்பு இல்ல. தண்ணியில இருக்கறவனுக்கு முதுகுப் பக்கம் காத்து கெளம்பறது தெரியாது. இதுல செவப்பு ஏறிச்சின்னா வலைய அறுத்துப் போட்டுட்டாவது கரைக்கு வந்துடணும். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அதான் பேச்சு" என்றார். அத்தை முகம் சின்னதாகிவிட்டது. ஆனால் மரக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சின்னம்மாவின் சேலைக்கு வில்லியனூர்க் கொடி என்று பெயர் வந்தது. இந்த முதல் தவறு அத்தை செய்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு யாருமே இதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் வந்த மூன்று வாரம் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். சின்னம்மா தேறிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. கப்பலில் தலை சுற்றினால் என்ன செய்வது என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை. மரக்காரர் ஒருநாள் தன் மரத்தை அலை நுனியில் பாதி மிதக்கவிட்டு அவளை அதில் நிற்கச் சொன்னார். "கால பாக்காத தங்கச்சி. கண்ண தொலைவா வையி. கடல் ஆடட்டும், நீ ஆடாத" என்றார். அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது அலைக்கும் விழவில்லை. அந்தச் சிரிப்பு பயணக் காகிதத்துப் படத்தில் இல்லை. அதைப் பார்த்தது நானும் மரக்காரரும் மட்டும்தான், அவரும் இல்லை.

எனக்கு அவர் ஒரு சங்கு கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். உள்ளே ரோஜா நிறமாக இருக்கும், வலையில் மாட்டினால் உனக்குத்தான் என்றார். தினம் கேட்பேன், தினம் நாளைக்கு என்பார். ஒரு சனிக்கிழமை மாலை, "நேத்தே மாட்டிச்சி பாப்பா. மரத்துலயே முடிஞ்சி வெச்சிட்டேன். இருட்டிடுச்சி, நாளைக்கு கடல்லேர்ந்து எறங்கினதும் தரேன்" என்றார். ஆனால் மறுநாள் காலையில் அப்பா வண்டியோடு வருகிறார். மாதா திருநாளுக்கு எனக்குப் புதுநன்மை, முதல்தரம் கோயிலில் நற்கருணை வாங்கும் சடங்கு. உபதேசம் படிக்க என்னை மட்டும் ஊருக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. மரம் திரும்பி வர உச்சிப்பொழுதாகும். அதற்குள் நான் போய்விடுவேன், சங்கு இங்கே நின்றுவிடும். ஒன்பது வயதில் அது உலகமே கவிழ்கிற விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிழவர் கஞ்சி குடிக்கப் போயிருந்தார். வீட்டுத் துணிக்கொடியில், இன்னொரு தரம் அலசிப் போட்ட சின்னம்மாவின் சிவப்புச் சேலை கிடந்தது. நான் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். கவிழ்த்து வைத்திருந்த கூடை மேல் ஏறினேன். செருகினால் காற்றில் பறந்துவிடும் என்று, முந்தானை மூலையில் கன்றுக்குட்டிச் சுருக்குப் போட்டு முளையில் மாட்டினேன். யாரும் பார்க்கவில்லை. ஓடிப்போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மரங்கள் வந்தன. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு கானாங்கெளுத்திக் கூட்டம் வந்திருந்ததாம். வலையைச் சுற்றிப் போடும்போது சிவப்புத் தெரிந்ததாம், பாதியில் விட்டுவிட்டு வந்தார்களாம். மேட்டில் ஊரே கூடியது. கிழவர் கம்பத்தைத் தட்டிக் கேட்டார்.

"யாரு ஏத்தினது? வெளையாட்டா இது?"

சின்னம்மா வீட்டிலிருந்து வந்தாள். எட்டி, சேலையை முளையிலிருந்து கழற்றினாள். கையில் வந்த மூலையைப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன்.

"நான்தாண்ணா. ஈரம் காயலைன்னு மாட்டினேன். மறந்துட்டேன்" என்றாள்.

அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒருதரம் பட்டும் புத்தி வரல பாரு" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். மரக்காரர்தான் குறுக்கே வந்தார். "சரி வுடும்மா, மீனு நாளைக்கும் வரும். தங்கச்சி, இனிமே கரையில செவப்பு தெரிஞ்சா, அது கொடியா உன் சேலையான்னு ஆள் அனுப்பிக் கேட்டுட்டுத்தான் வருவேன்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை. "அப்படிப் பேசாதடா. கம்பத்துல ஏறினா அது கொடிதான்" என்றார். மரக்காரர் போகிற போக்கில் மடியிலிருந்து சங்கை எடுத்து என் கையில் வைத்தார்.

அப்பா மத்தியானம் வந்தார். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உபதேசத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டாராம் பங்குச் சாமியார், நீயும் இருந்துவிட்டே வா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அவசரப்பட்டிருக்கவே வேண்டாம்.

நான்காம் நாள், கானாங்கெளுத்தியைத் தேடி மரங்கள் மறுபடியும் கடலில் இருந்த பிற்பகலில், காற்று நின்றுபோனது. ஒரு தென்னை ஓலை அசையவில்லை. தோப்புக்கு மேலே மேற்கு வானம் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரிக் கறுத்தது. கிழவர் தன் பழைய சிவப்புத் துணியை முளையில் ஏற்றினார். நாங்கள் எல்லாரும் மேட்டில் நின்றோம். ஒவ்வொன்றாக மரங்கள் திரும்பின. நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் தூரத்திலேயே நின்றது. கிழவர் துணியைக் கழற்றிக் கையில் பிடித்து ஆட்டினார், கத்தினார். மரக்காரரின் மனைவி குழந்தையைச் சின்னம்மா கையில் கொடுத்துவிட்டு அலைக்குள் இறங்கினாள். பிறகு எங்கள் முதுகுப் பக்கமிருந்து காற்று வந்தது. மணல் பறந்து கண் தெரியவில்லை. மழை விட்டபோது கடலில் ஒன்றும் இல்லை.

இருட்டுவதற்கு முன் மரக்காரரோடு கூடப் போன ஆள் மட்டும் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். வாயில் நுரை தள்ள மணலில் கிடந்து சொன்னான். "'கொடி தெரியுதுண்ணா'ன்னேன். 'அது தங்கச்சி சேலைடா, இன்னொரு தரம் வலைய போட்டுட்டுப் போலாம்'னு சிரிச்சாரு."

அதைச் சொன்னபோது குழந்தை இன்னும் சின்னம்மாவின் இடுப்பில்தான் இருந்தது. யாரோ ஒருத்தி வந்து அதை வாங்கிக்கொண்டு போனாள்.

குப்பத்துக்காரர்கள் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. மீன் வரவில்லை, விறகு வரவில்லை, கிணற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். மூன்றாம் நாள் மரக்காரரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். சின்னம்மாவைப் பார்த்து, "அந்தச் சேலைய ஒருதரம் காட்டு" என்றாள். சின்னம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதைப் பிரித்து, கரையைத் தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூலையில் முடிச்சு அப்படியே இருந்தது. "இதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் சங்கைப் பாவாடையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வந்ததும் அத்தை சொன்ன கதையில் முதல் தடவை சேலை போட்டது யார் என்பதே இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மறக்க வேண்டியதை மறந்துவிட்டார், அவ்வளவுதான். "அது கடலுக்கு ஆவாத காலு. கரையில நின்னதுக்கே ஒரு உசுர வாங்கிடுச்சி. நடுக்கடல்ல இன்னா ஆவுமோ. நம்ம புள்ள அங்க நல்லா இருக்க வேணாவா?" என்று அப்பாவிடம் தினம் ஓதினார். அம்மாவுக்குச் சின்னம்மா மேல் பாசம்தான், ஆனாலும் அத்தை பேச்சுக்கு எதிர்ப் பேச்சு எங்கள் வீட்டில் கிடையாது.

அப்பா ஒருநாள் சின்னம்மாவைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார். நான் குதிருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நீதான் மாட்டினியாம்மா?"

"ஆமா மாமா."

"தெரிஞ்சும் ரெண்டாந்தரம் மாட்டினியா?"

அப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகமே சொல்லியிருக்கும். "மாதா திருநாள் முடியட்டும். அப்புறம் தம்பிக்கு எழுதறேன்" என்றார். எழுதப்போவது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் எழுதவில்லை இன்னும். கப்பலுக்கு நாள் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடமும் வந்தது. புதுநன்மைக்கு முந்தின நாள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். மரத்தடுப்புக்குப் பின்னால் சாமியாரின் மூச்சும் மூக்குப்பொடி வாசனையும். வெல்லம் திருடினேன் என்றேன். செபமாலையில் தூங்கினேன் என்றேன். தம்பியைக் கிள்ளினேன் என்றேன்.

"வேற?"

என் முழங்கால் மணலில் இருப்பது போல் உறுத்தியது.

"வேற இல்லீங்க சாமி."

மறுநாள் காலையில் எனக்கு வெள்ளை உடுப்பு உடுத்தி, தலைக்குப் பூக்கிரீடம் வைத்தது சின்னம்மாதான். அவள் தலைமுடி அப்போது காதை மறைக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. ஊசி குத்துகிறபோது, என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேன்."

"சரி" என்று சொல்லி அடுத்த ஊசியை எடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், புருஷன் செத்தார், நான் பார்க்காத சாவு இல்லை. அந்தச் "சரி" போல எதுவும் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதில்லை.

அடுத்த வாரம் அப்பா கடிதம் எழுதினார். ஆவணிக் கப்பல் போய்விட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் வேறு காரணம். அப்புறம் சண்டை வந்தது, கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. சண்டை முடிந்து வெகுநாள் கழித்து, சிற்றப்பாவுக்கு அங்கே ஒரு பெண்ணும் மூன்று பிள்ளைகளும் என்று யாரோ வந்து சொன்னார்கள். சின்னம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். காட்டி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அறுக்கவும் முடியாத, கட்டியும் பயனில்லாத தாலியோடு எங்கள் வீட்டிலேயே கிழவியானாள். விசேஷங்களில் முன்னால் வரமாட்டாள். யாரும் வா என்று கூப்பிட்டதும் இல்லை.

சங்கை நான் எங்கள் வீட்டுக் கிணற்றில் போட்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கோடையில் தூர் வாரியபோது சேற்றோடு மேலே வந்தது. "இந்தாடி, உன் சங்கு. கை தவறிப் போட்டுட்டியா?" என்று அத்தை கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று நான் சாப்பிடவில்லை. அப்புறம் அது எங்கே போனது என்று எனக்கே தெரியாது. திடீரென்று ஒருநாள் எந்த அலமாரியிலாவது இருக்குமோ என்று இன்னும் பயம்தான்.

சின்னம்மா இறந்தபோது எனக்கே தலை நரைத்திருந்தது. அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்து சாமான்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. மேலே பயணக் காகிதம், பின்னலோடு அந்தப் பெண். அடியில் சிவப்புச் சேலை. ஒருநாளும் கட்டாத சேலை. தம்பி மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு, "மூலையில முடிச்சி இருக்குதே அண்ணி. ஏதாவது வேண்டுதலா?" என்றாள்.

எதிர்ப்பக்கம் திரும்பிய கன்றுக்குட்டிச் சுருக்கு. நூல் இற்றுப்போயிருந்தது, முடிச்சு மட்டும் இறுகி இருந்தது. மாட்டுக் கொட்டகையில் என் முடிச்சுகளைச் சின்னம்மா எத்தனையோ தரம் அவிழ்த்திருக்கிறாள். எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று அப்பாவைப் போல அவளுக்கும் தெரியும். அப்பா முன்னால் அந்த மூலையை ஒருமுறை நீட்டியிருந்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். அவள் நீட்டவில்லை, அவிழ்க்கவும் இல்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். என் மேல் வைத்த பாசம் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. நானே சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்று அப்புறம் தோன்றியது. ஒன்பது வயதுக் குழந்தையிடம் ஓர் உயிரின் பாரத்தைக் கொடுக்கக் கூடாது என்று முதல் நாள் நினைத்திருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் நான் வளர்ந்துகொண்டே போனேன், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அவள் இருந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன மாதத்துக்கு வருகிறேன். விடுதியில் இரண்டாம் நாள் பேத்தி கடலில் குளித்துவிட்டு, சிவப்புத் துண்டை மாடிக் கைப்பிடியில் காயப்போட்டாள். வாசல் காவலுக்கு இருந்த மனிதர் கீழேயிருந்து ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், அந்தக் குப்பத்துக்காரர்தான்.

"கோச்சிக்காதீங்க பாப்பா, அத மட்டும் எடுத்துடுங்க. எங்க ஊரு கரையில செவப்புத் துணி காயப்போட மாட்டோம்."

பேத்தி எடுத்துவிட்டாள். பிற்பகலில் நான் மெல்ல இறங்கி வாசலுக்குப் போய், ஏன் என்று அவரிடம் கேட்டேன். காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அது பழைய கதை பாட்டி. வெள்ளக்காரன் காலத்துல மேக்கால இருந்து ஒரு பொம்பள வந்து தங்கிச்சாம். சீக்குக்காரி, தலையில முடி இருக்காதாம். மேட்டு மேல நின்னு செவப்புச் சேலைய ஆட்டி ஆட்டி, தண்ணியில இருக்கறவங்கள கூப்புடுமாம். ஒரு ஆள காவு வாங்கிட்டுத்தான் போச்சாம். இப்பவும் மேக்கால மேகம் ஏறினா கம்பம் இருந்த மேட்டுல வந்து நிக்குதுன்னு சொல்லுவாங்க. எங்கம்மா பாத்திருக்குது."

அவர் சாதாரணமாகச் சொன்னார். என் காலுக்கடியில் மணல் நழுவியது. கால பாக்காத, கண்ண தொலைவா வையி என்று மரக்காரர் சொன்னார் அன்று.

"அது அவங்க இல்லப்பா" என்றேன். "அந்தச் சேலைய மாட்டினது நான். எனக்கு ஒம்போது வயசு. ஒரு சங்குக்காக மாட்டினேன். அவங்க என்னைக் காப்பாத்தத்தான் தான் மாட்டினதா சொன்னாங்க."

எழுபது வருஷத்தில் முதல்தடவையாக அது என் வாயிலிருந்து வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குழந்தையிடம் சிரிப்பது போல் சிரித்தார்.

"சரிங்க பாட்டி. வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வந்துடும். மோரு கொண்டாரச் சொல்லட்டா?"

கொண்டுவரச் சொன்னேன். வேறென்ன செய்வது? மோர் வந்தது, குடித்தேன்.

சாயங்காலம் மேற்கே மேகம் ஏறியது. தென்னை ஓலைகள் அசைவை நிறுத்தின. உள்ளே வாங்க பாட்டி என்று பேத்தி இரண்டு தரம் கூப்பிட்டாள். நான் நாற்காலியை மேட்டுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னம்மா அங்கே வந்து நின்றால், போய்க் கையைப் பிடித்து, நீ நிற்க வேண்டிய இடம் இது இல்லை என்று சொல்லி அழைத்து வந்துவிட்டு, அந்த இடத்தில் நான் போய் நிற்பதாக இருந்தேன். மழை வரும்வரை பார்த்தேன். யாரும் வரவில்லை.